மலைக்குளிரும் மூடிய கதவும்

மருத்துவர் பதில்கள்

கேள்வி: ஜனவரி இரண்டாம் வாரத்தில் குடும்பத்தோடு ஊட்டிக்குச் செல்லவிருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. எங்களுக்கு மார்கழி விடியற்காலையே நடுக்கம் தரும். தங்கும் விடுதியில் ஹீட்டர் கிடையாதாம். கேட்டால் இரவில் கரி அடுப்பு தருவார்களாம். எப்படிச் சமாளிப்பது? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: தங்கள் கடிதத்தில் என்னை அச்சுறுத்தியது, போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்தக் கரி அடுப்புதான். விடுதிக்காரர் எவ்வளவு அன்போடு கொடுத்தாலும் அதை அறைக்குள் வாங்காதீர்கள்.

ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில், டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்குவதும், தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கங்களில் புல்வெளி உப்பைத் தூவியதுபோல் உறைபனியால் வெளுப்பதும் ஆண்டுதோறும் நடப்பவை. ஆனால் நான்கு சுவருக்குள், இரண்டு கம்பளிக்குள் படுத்திருக்கும் நலமான மனிதரை அந்தக் குளிர் கொன்றுவிடாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா வந்தவர்கள் காலையில் கதவைத் திறக்கவே இல்லை என்ற செய்திகளைத் தாங்களும் படித்திருப்பீர்கள். அவற்றில் சிலவற்றின் பின்னே இருந்தது, இறைச்சி சுடவோ குளிர்காயவோ உள்ளே கொண்டுவந்து வைத்த கரிதான்.

விறகு புகையைக் கிளப்பிக் கண்ணைக் கரிக்கச் செய்து நம்மை எச்சரித்துவிடும். கரி அப்படிச் செய்யாது. கங்கு சிவந்து, மேலே வெண்சாம்பல் பூத்து, புகை அடங்கியதும் ‘இனி உள்ளே கொண்டுபோகலாம்’ என்று தோன்றும். அப்போதும் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். நிறமும் மணமும் இல்லாத இந்த வாயுவை, நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்தோடு பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று அது தொடங்கும்போது, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் செய்த வேலை என்று நினைத்துப் படுத்துவிடுவோம். ஏற்கெனவே உறங்கிவிட்டவருக்கு அந்த அறிகுறிகளும் தெரியாது. ஓர் அறையில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், காரணம் தேடிக்கொண்டிராமல் எல்லாரும் வெளியே வந்து 108-ஐ அழைக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டுவதை நம்பி மீண்டும் உள்ளே போகாதீர்கள். ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தையும் இந்த வாயு ஏறிய இரத்தத்தையும் அந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது. காற்றோட்டமில்லாத குளியலறையில் ஓடும் கேஸ் கீசரும் இதே ஆபத்தைத் தரும்.

குளிருக்குப் பழகாத ஊர் எதுவானாலும் இந்தத் தவறு நடக்கிறது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பனிப்புயலும் மின்வெட்டும் சேர்ந்து வந்தபோது, அம்மாநில சுகாதாரத் துறையின் கணக்குப்படி 246 பேர் இறந்தனர். குளிரில் விறைத்து இறந்தவர்களே அதில் அதிகம். என்றாலும் கதகதப்புக்காகச் செய்த ஏற்பாட்டால் இந்த வாயுவுக்கு இரையானவர்களும் உண்டு.

அப்பா ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக் கூடாது. குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும் என்பதால், உறைபனி பார்க்கிறேன் என்று ஐந்து மணிக்குப் படுக்கையிலிருந்து எழுந்து நேராக வெளியே நடக்க வேண்டாம், வெயில் ஏறட்டும். குழந்தையின் உள்ளங்கை சில்லென்றிருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல், பிடரியையோ மார்பையோ தொட்டுப் பாருங்கள். அங்கும் சில்லிட்டு, குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: என் மகள் கனடாவின் வின்னிபெக் நகரில் படிக்கச் சென்று மூன்று மாதம் ஆகிறது. ‘மைனஸ் 20 தான், ஆனால் காற்றோடு சேர்த்து மைனஸ் 30’ என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, பயமாக மட்டும் இருக்கிறது. (வாசகர், மதுரை)

பதில்: உடம்பைச் சுற்றி நாம் சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தை வீசும் காற்று கலைத்துவிடுவதால், தோலுக்குக் குளிர் கூடுதலாக உறைக்கிறது, அதைத்தான் தங்கள் மகள் சொல்கிறார். காற்றோடு சேர்த்துச் சொல்லும் அந்த எண் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40-ஐத் தொட்டால் அது 5 முதல் 10 நிமிடம்தான். பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் வாங்கிக் கொடுத்த பருத்தி உள்ளாடைகள் அங்கே உதவா. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்துக்கொள்ளும். ஈரம் சூட்டை இழுத்துவிடும். கம்பளியோ செயற்கை இழையோ உடம்பை ஒட்டி இருக்கட்டும். காற்றுப் புகாத கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே வரட்டும். ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் உறை கதகதப்பானது.

காது மடலோ மூக்கு நுனியோ முதலில் சுள்ளென்று வலிக்கும், பிறகு வலி நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று மகிழக் கூடாது. மரத்துப்போவதுதான் உறைதலின் தொடக்கம். தோல் வெளுக்கும் என்று மருத்துவக் குறிப்புகளில் இருக்கும். நம் நிறத்தில் அது எளிதில் தெரியாது; மெழுகு பூசியதுபோல் மங்கி, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் தேய்க்கக் கூடாது, ஹீட்டரில் காட்டக் கூடாது. உணர்வற்ற தோல் வெந்தாலும் தெரியாது. வீட்டுக்குள் வந்து, 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்த வேண்டும். சூட்டை மரத்துப்போகாத இன்னொரு கையால் சோதிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் உணர்வு திரும்பாவிட்டாலோ கொப்புளம் கண்டாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஒன்று கூடுதலாக: குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூக்கம் வருகிறது என்றால் உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்கியிருக்கலாம். அங்கே அவசர உதவி எண் 911.

கேள்வி: குளிருக்கு ஒரு மடக்கு பிராந்தி நல்லது என்கிறார்களே? (வாசகர், கம்பம்)

பதில்: மது தோலுக்கு அருகிலுள்ள இரத்தக்குழாய்களை விரித்துவிடுவதால் முகம் சூடாவதுபோல் இருக்கும். அந்தச் சூடு உள்ளிருந்து வெளியே போகிற சூடு. நடுக்கத்தையும் மது மந்தமாக்கிவிடும். சுக்குக் காப்பி குடியுங்கள்.