'லேசர் பற்சிகிச்சை: ஊசியும் இல்லை, வலியும் இல்லை' என்று கல்முனையில் ஒரு விளம்பரப் பலகை பார்த்தேன். நம்பலாமா?

பாதி நம்பலாம். எந்தப் பாதி என்பது அங்கே இருக்கும் லேசரின் வகையைப் பொறுத்தது. பலகையில் அதை எழுதமாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தனியார் பல் கிளினிக்குகளில் லேசர் இருந்தால் அது பெரும்பாலும் டயோட் லேசராகத்தான் இருக்கும். மற்ற வகைகளைவிட மலிவு, மேசையில் வைக்கக்கூடிய அளவு. 810 முதல் 980 நானோமீற்றர் வரையான அதன் ஒளியை இரத்தத்தின் சிவப்பு நிறமியும் முரசின் கறுப்பு நிறமியும் உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால் முரசை வெட்டும்போதே சிறு இரத்தக் குழாய்களும் அடைபட்டுவிடும். பல்லை அது துளைக்காது. சூத்தைக்காக அங்கே போனால் வழக்கமான துளைகருவியின் சத்தத்தைத்தான் கேட்பீர்கள்.

நான் மட்டக்களப்பில் செய்துகொண்டது இந்த வகைதான். ஞானப்பல் அரைகுறையாக முளைத்து, முரசு அதன்மேல் மூடிக் கிடந்தது. அதற்குள் சோறு சிக்கிச் சிக்கி வீங்கும். வாயைத் திறக்க முடியாது. வீக்கம் வடிந்த பிறகே வைத்தியர் கை வைத்தார். விறைப்பூசியும் போட்டார் என்பதைக் கவனியுங்கள். அறையில் இருந்த எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. அது இல்லாமல் யாராவது லேசரைக் கையில் எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வலி தெரியவில்லை. முடி கருகுவது போன்ற நாற்றம் வந்தது, அதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. தையல் இல்லை, இரத்தமும் ஏறக்குறைய இல்லை. விறைப்பு விட்ட பின் எரிந்தது. உறைப்பை ஒதுக்கிவிட்டுக் குழைந்த சோறும் எருமைத் தயிருமாகச் சமாளித்தேன். நம் ஊரில் தயிருக்கா பஞ்சம்?

சூத்தையை எடுக்கும் லேசர் வேறு. எர்பியம் லேசரின் 2940 நானோமீற்றர் ஒளியை நீர் வெகுவாக உறிஞ்சும். பல்லுக்குள் இருக்கும் ஈரம் கணத்தில் ஆவியாகி வெடிக்க, பல் துகள் துகளாகப் பெயர்கிறது. சூத்தை பிடித்த பகுதியில் ஈரம் கூடுதல் என்பதால் அதுவே முதலில் கழன்றுவிடும். அமெரிக்காவில் இதற்கு 1997இல் அனுமதி கிடைத்தது. துளைகருவியின் அதிர்வு இல்லாததால் சிறிய சூத்தையைப் பலருக்கு ஊசியின்றியே முடிக்கலாம். ஆழமானதற்கு ஊசி வேண்டும். பழைய உலோக அடைப்பைக் கழற்றவும், உறை போடப் பல்லைச் சீவவும் துளைகருவிதான். வேர்ச் சிகிச்சையில் லேசர் கிருமி நீக்கத்துக்கு ஒரு துணை, அவ்வளவே.

முரசின் கறுப்பை லேசரால் நீக்குவதாகவும் விளம்பரம் வருகிறது. அந்தக் கறுப்பு நோயல்ல; எடுத்தாலும் நாளடைவில் பலருக்குத் திரும்பி வரும். வெற்றிலை போடுபவர் வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஆறாத படை இருந்தால் அது வேறு விடயம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்காமல் அந்தப் படையை லேசரால் எரித்துவிட்டால், பிறகு பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது. அதை முதலில் அரச வைத்தியசாலையில் காட்டுங்கள், பணம் கட்டத் தேவையில்லை.