கால் போன பிறகு மறுபடியும் குலை வெட்டப் போகலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் என் கணவர், வேலை முடிந்து வரும்போது மோட்டார் விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்துவிட்டார். நான்கு மாதமாகிறது. செயற்கைக் கால் போட்டதும் பழைய வேலைக்கே போகலாமா? வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள்.

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள், சகோதரி. வேலை முடிந்து வழக்கமான பாதையில், சொந்த வேலையாக எங்கும் திரும்பாமல் வீட்டுக்கு வரும்போது நடந்ததும் சொக்சோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கணக்கில் வேலை விபத்துதான். போலீஸ் ரிப்போர்ட், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று), அன்றைய வருகைப் பதிவு, பாதையின் வரைபடம் நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள். எம்.சி. நாட்களுக்கு நாள் சம்பளத்தில் 80% கிடைக்கும். நிரந்தர ஊனம் 20 விழுக்காட்டுக்கு மேல் என்று மதிப்பிட்டால், அதற்கான உதவித்தொகையில் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மீதியை மாதாமாதம் பெறலாம். செயற்கைக் காலுக்கும் சொக்சோவிலேயே கேளுங்கள். கடன் வாங்கி நீங்களே செய்துவிடாதீர்கள். 'வேலைக்குத் திரும்பும் திட்டம்' என்று கேட்டால் ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்குவார்கள். அவர் முதலில் பேசுவது பழைய முதலாளியிடம்தான். அதனால்தான் கையெழுத்து வேண்டாம் என்கிறோம்.

முதல் சாக்கெட் (மீதிக்கால் நுழையும் கிண்ணம்) நிலைக்காது. மீதிக்கால் ஆறு மாதம், ஒரு வருடம்கூட வற்றிக்கொண்டே வரும். காலையில் இறுக்கமாக இருந்தது மதியம் தளர்ந்து, கால் உள்ளே இறங்கி, முழங்கால் சில்லின் அடியில் குத்தும். அப்போது ஒரு பிளை (காலுறையின் தடிமன் அளவு) காலுறை கூட்ட வேண்டும். காலுறை அதிகமாகிவிட்டால் கால் அடிவரை இறங்காது. பத்து பிளை வரை போட்டும் ஆடினால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும். நம் வெயிலில் லைனருக்குள் (மீதிக்காலில் மாட்டும் மெத்தென்ற உறை) வியர்வை தேங்கி வழுக்கும். மதியம் கழற்றித் துடைக்க வேண்டும், இரவில் மென்சோப்பில் கழுவிக் காயவைக்க வேண்டும். கழற்றிய பின் தோல் சிவப்பு இருபது நிமிடத்தில் மறையவில்லையா? மறுநாள் போடாமல் கால் செய்தவரிடம் காட்டுங்கள். இதை அலட்சியம் செய்து புண்ணோடு வேலைக்குப் போகிறவர்கள்தான் வாரக்கணக்கில் வீட்டில் உட்காருகிறார்கள்.

குலை வெட்டுவது வேண்டாம். அண்ணாந்து அரிவாள் கம்பை இழுக்கும்போது பாரம் குதிகாலுக்குப் போகும். மட்டை மேலா, சேற்றிலா நிற்கிறோம் என்று செயற்கைப் பாதத்துக்குத் தெரியாது. அதோடு இருபது கிலோ குலையைத் தூக்கவும் வேண்டும். நாற்றங்காலில் உட்கார்ந்து மண் நிரப்புவது, லாரி எடை போடும் இடம், ஸ்டோர், பட்டறையில் அரிவாள் தீட்டுவது ஆகியவற்றைக் கிராணியிடம் (தோட்டத்து எழுத்தர்) கேளுங்கள். டிராக்டர் தருகிறேன் என்றால் யோசியுங்கள்: கிளட்ச் இடது காலில். ஆட்டோ கியர் காருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் ஓட்டும் முன் ஜே.பி.ஜே.யில் (சாலைப் போக்குவரத்துத் துறை) லைசென்சைச் சரிசெய்துகொள்ளட்டும்.