சிவப்புக் கோட்டுச் சிலந்தியும் மூன்று பெயர்களும்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, இரண்டாம் மாடி. தாழ்வாரத்துத் தொட்டிச் செடியில் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு குதிக்கும் சிலந்தி. வயிற்றில் நெடுக இரண்டு சிவப்புக் கோடுகள். ஒரு வாரம் கழித்து அதே செடியில் இன்னொன்று: உடம்பு கறுப்பு, நடுவில் வெள்ளைப்பட்டை, கண்களைச் சுற்றிச் சிவப்பு. கைப்பேசிச் செயலியில் மூன்று படங்கள் ஏற்றினால் மூன்று பெயர்கள் வருகின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில், கழிப்பறை இருக்கைக்கடியில் பதுங்கி ஆளைக் கொல்லும் சிலந்தி இதுதான் என்று ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். மாமனாரோ, சின்ன வயதில் தீப்பெட்டியில் வைத்துச் சண்டைக்கு விட்டது இதைத்தான் என்கிறார். நாலாம் வகுப்புப் படிக்கும் மகன் திங்கட்கிழமை பள்ளிக்கு இதன் பெயரை எழுதிக்கொண்டு போக வேண்டும். யார் சொல்வது சரி?

கொல்லும் கதையை முதலில் முடித்துவிடலாம், அதுதான் தூக்கத்தைக் கெடுப்பது. இது 1999வாக்கில் மின்னஞ்சலில் கிளம்பிய புரளி. அப்போது அந்தச் சிலந்திக்கு ‘அராக்னியஸ் குளூட்டியஸ்’ என்று யாரோ பெயர் சூட்டியிருந்தார்கள். குளூட்டியஸ் என்பது பிட்டத்துத் தசையின் பெயர். எழுதியவர் கண்ணடித்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறார், படித்தவர்களுக்குத்தான் அது புரியவில்லை. சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் அந்தப் பொய்ப்பெயரை எடுத்துவிட்டு, நிஜமாகவே இருக்கும் ஓர் ஆசியச் சிலந்தியின் பெயரைச் செருகினார். அப்படி மாட்டிக்கொண்டது டெலமோனியா டிமிடியாட்டா. இலைகளின் மேல் ஈயும் பூச்சியும் பிடித்துத் தின்னும் ஒரு சாது. கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கலாம், அவ்வளவுதான். மனிதருக்கு ஆபத்தான நஞ்சு இதற்குக் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், சிலந்தியின் பெயரை மட்டும் வாட்ஸ்அப் ஏறக்குறையச் சரியாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் மஞ்சள் சிலந்தி டெலமோனியாதான். கறுப்புச் சிலந்தியும் டெலமோனியாதான், அது ஆண். நீங்கள் இரண்டு வகைச் சிலந்திகளைப் பார்க்கவில்லை, ஒரு சோடியைப் பார்த்திருக்கிறீர்கள். செயலி தடுமாறியது இந்த இடத்தில்தான்.

படத்தை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன், அடுத்த சிலந்தியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் கண். குதிக்கும் சிலந்திக்கு எட்டுக் கண்கள். முகத்தின் நடுவில் கார் முகப்பு விளக்குப் போல இரண்டு பெரிய கண்கள், அவற்றின் இருபுறமும் இரண்டு சிறியவை. கொஞ்சம் பின்னால், பெரும்பாலானவற்றில் கடுகைவிடச் சிறிதாக ஒரு சோடி. அதற்கும் பின்னால், தலையின் ஓரத்தில் மற்றொரு சோடி. நாலு, ரெண்டு, ரெண்டு என்று மூன்று வரிசை. இந்த முகம் இருந்தால் அது சால்டிசிடே குடும்பம். சிலந்திகளிலேயே மிகப் பெரிய குடும்பம் இது: 600க்கு மேல் பேரினங்கள், 6,000க்கு மேல் சிற்றினங்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியலில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பெரிய கண்களை உற்றுப் பாருங்கள். வெளியில் தெரியும் வில்லை அசையாது. உள்ளே நீண்ட குழாய் ஒன்று இருக்கிறது, அதன் அடியில் விழித்திரை. சிலந்தி அந்தக் குழாயின் பின்பக்கத்தைத்தான் இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கிறது. வெளிர்நிறச் சிலந்தியை வெயிலில் வைத்துப் பார்த்தால் ஒரு கண் தேன் நிறத்திலும் மற்றது கறுப்பாகவும் தெரியும், அடுத்த நொடி இரண்டும் மாறும். விழித்திரை நம்மை நோக்கித் திரும்பும்போது கண் கறுக்கிறது. என் மேசைமேல் ஒருநாள் ஒரு சிலந்தி கணினித் திரையின் சுட்டியை விரட்டிக்கொண்டிருந்தது. நான் சுட்டியை நிறுத்தியதும் திரும்பி என்னைப் பார்த்தது, இரு கண்களும் ஒன்றாகக் கறுத்தன. எட்டுக்கால் பூச்சி நம்மை முறைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதுவரை நம்பியிருக்க மாட்டேன்.

கண் வரிசை வகைப்பாட்டுக்கும் உதவுகிறது. 2015இல் கனடாவைச் சேர்ந்த வெய்ன் மேடிசன், மரபணு ஆய்வுகளையும் உடலமைப்பையும் சேர்த்து இந்தக் குடும்பத்தை ஏழு துணைக்குடும்பங்களாகப் பிரித்தார். நாம் அன்றாடம் பார்ப்பவை ஏறக்குறைய எல்லாமே சால்டிசினே என்ற ஒரே துணைக்குடும்பத்தில் வந்துவிடும். மற்ற ஆறில் மூன்று கொஞ்சம் விசித்திரமானவை: கண்கள் இரண்டிரண்டாக நாலு வரிசையில் இருக்கும், உடம்பு பச்சையோ வெளிறியோ கண்ணாடி போல இருக்கும், கால்கள் நீளம். இலங்கையின் மழைக்காடுகளில் ஓனோமாஸ்டஸ் என்று ஒரு பேரினம் உண்டு; அதில் அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத சிற்றினங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்று உங்கள் படத்தில் வந்திருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

சரி, குடும்பம் தெரிந்தாயிற்று. அடுத்து ஆணா பெண்ணா என்று பாருங்கள். வாய்க்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கைகள் இருக்கும், பெடிபால்ப் என்பார்கள். அவற்றின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போலப் பருத்திருந்தால் வளர்ந்த ஆண். மெலிந்திருந்தால் பெண், அல்லது இன்னும் வளராத குட்டி. குட்டி என்றால் சிற்றினம் சொல்ல முடியாது, ஆளை விடுங்கள். வளர்ந்தவற்றிலும் சிற்றினத்தை முடிவுசெய்வது, ஆணின் அந்தக் கையுறைக்குள் இருக்கும் உறுப்பையும் பெண்ணின் அடிவயிற்றில் இருக்கும் தகட்டையும் நுண்ணோக்கியில் பார்த்துத்தான். அதனால்தான் டெலமோனியா என்பதைத் துணிந்து சொல்கிறேன், டிமிடியாட்டா என்பதற்கு முன்னால் ‘பெரும்பாலும்’ என்று போடுகிறேன். சாயலில் நெருங்கிய உறவினர்கள் அந்தப் பேரினத்திலேயே இருக்கிறார்கள். செயலி ‘பெரும்பாலும்’ என்று தயங்குவதில்லை, அதுதான் அதனோடு எனக்குள்ள வழக்கு.

செயலி காட்டிய பெயர்களில் ஒன்று எறும்பைப் போல இருக்கும் மிர்மராக்னி. அது உங்கள் சிலந்திக்குத் துளியும் பொருந்தாது, ஆனால் ஒரு விஷயம் சொல்ல வாய்ப்புக் கொடுக்கிறது. முசுறு எறும்பு தெரியும்தானே, மலாயில் கெரங்கா, மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டுவது. அதை அச்சாகப் போலி செய்யும் சிலந்திக்கு நெடுநாள் மிர்மராக்னி பிளாட்டலியாய்டெஸ் என்று பெயர். போலந்து அறிஞர் யெர்ஸி புரோஷின்ஸ்கி 2016இல் அந்தப் பேரினத்தை உடைத்து, இதை மிர்மாபிளேட்டா என்ற புதுப் பேரினத்தில் வைத்தார். பழைய புத்தகத்தில் ஒன்று, புதுப் பட்டியலில் ஒன்று என இரண்டு பெயர்கள் வந்தால் சிலந்தி மாறிவிட்டதென்று அர்த்தமில்லை, வீட்டு முகவரிதான் மாறியிருக்கிறது. பெயரின் பின்பாதி, அதாவது பிளாட்டலியாய்டெஸ், அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். இதன் ஆணுக்குத் தாடை உடம்புக்கு முன்னால் நீண்டு துருத்திக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிக்கொண்டு போவது போலவே இருக்கும்.

இனி மாமனார். அவர் சொல்வதில் பாதி சரி. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஒரு தலைமுறைப் பையன்கள் புதருக்குள் கைவிட்டுப் பிடித்துத் தீப்பெட்டியில் இலையோடு அடைத்து, கம்பத்துத் (கிராமத்துத்) தெருவில் சண்டைக்கு விட்டது குதிக்கும் சிலந்தியைத்தான். ஆனால் அது டெலமோனியா இல்லை, தியானியா பாமோயென்சிஸ். 1887இல் சுவீடன் நாட்டு டோரெல் பெயரிட்டது. பாமோ என்பது பர்மாவில் ஓர் ஊர். கறுத்த, சற்றுத் தட்டையான உடம்பில் உலோகம் போல மின்னும் நீலப்பச்சைப் பட்டைகள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு இலைகளை இழையால் ஒட்டி, நடுவில் குடியிருக்கும். அந்தக் காலத்துப் பையன்கள் தேடியதும் சிலந்தியை அல்ல, ஒட்டிய இலைகளைத்தான். சண்டை என்றாலும் பெரும்பாலும் முன்காலைத் தூக்கி மிரட்டல், தாடையோடு தாடை கோத்து ஒரு தள்ளுமுள்ளு, தோற்றவன் ஓட்டம். கோழிச்சண்டையின் ரத்தம் இதில் இல்லை.

தியானியா சேர்ந்திருக்கும் கூட்டத்துக்கு யூஃப்ரைனி என்று பெயர். இது தீவுகளில் கொழித்த கூட்டம்: ஒரு பக்கம் நியூகினி, உலகின் மறுகோடியில் கரீபியன் தீவுகள், இரண்டிலும் தனித்தனியாகக் கிளைவிட்டுப் பெருகியிருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘தீவுச் சிலந்தி’ என்று மொத்தமாகத் தேடினால் இணையம் உங்களை எங்கெங்கோ கொண்டுபோய்விடும். தீவுக்குத் தீவு கதை வேறு. ஹவாய் கடலுக்குள்ளிருந்து எரிமலையாக எழுந்தது, எந்த நிலத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. கடல் தாண்டி வந்து சேர்ந்த சில மூதாதையரிடமிருந்து ஹவைக்கா என்ற பேரினம் அங்கே கிளைத்தது. சிங்கப்பூர் அப்படியில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உறைபனிக் காலத்தில், கடல் மட்டம் இன்றைக்கிருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ எல்லாம் ஒரே தரை. ஆகவே இங்கேயுள்ள காட்டுச் சிலந்தி பெரும்பாலும் பக்கத்து மலேசியாவின் ஜொகூர்ச் சிலந்திதான். டெலமோனியா டிமிடியாட்டாவுக்கு 1899இல் பெயர் வைத்த பிரெஞ்சு அறிஞர் யூஜின் சிமோனின் மாதிரியே சுமத்ராவிலிருந்து வந்தது. செயலியில் இடத்தைத் தென்கிழக்காசியா என்று குறுக்கினாலே பாதிப் பொய்ப்பெயர்கள் உதிர்ந்துவிடும்.

வீட்டுச் சுவரில் பார்ப்பவை மட்டும் விதிவிலக்கு. அவை கப்பலேறி வெப்பமண்டலம் முழுக்கப் பரவியவை. சாம்பல் நிறத்தில் தட்டையாகச் சுவரோடு ஒட்டி நடந்தால் மெனமெரஸ் பைவிட்டாட்டஸ். கறுப்பு உடம்பு, வயிற்றின் முன்புறம் வெள்ளைப் பிறை, முகத்தில் செம்பழுப்புத் திரை என்றால் ஹசாரியஸ் ஆடன்சோனியின் ஆண். ஜப்பானியர் 2012இல் இதை வைத்துத்தான், குதிக்கும் சிலந்தி தன் கண்ணுக்குள் விழும் படத்தின் மங்கலை அளந்து தூரம் கணிக்கிறது என்று காட்டினார்கள். சிவப்பு விளக்கில் தூரக் கணக்குப் பிசகி, இரைக்கு முன்னாலேயே குதித்து ஏமாந்தது பாவம். அப்புறம் பிளெக்சிப்பஸ், உங்கள் செயலி கறுப்பு ஆணுக்குச் சொன்ன பெயர் அதுதான். வெள்ளைப்பட்டையில் ஒற்றுமை இருக்கிறது, ஆனால் கண்ணைச் சுற்றிய அந்தச் சிவப்பு மயிர் டெலமோனியாவைக் காட்டிக்கொடுக்கிறது.

நிறத்தை நம்பாதீர்கள் என்பதற்கு உள்ளூர்ச் சான்று ஒன்றும் உண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் காஸ்மோஃபேசிஸ் அம்ப்ராட்டிகா என்ற சிலந்தியைப் பற்றி எழுதினார்கள். அதன் ஆணின் உடம்பில் புற ஊதா ஒளியைத் திருப்பும் திட்டுகள், பெண்ணின் பெடிபால்ப் புற ஊதா பட்டால் பச்சையாக ஒளிரும். புற ஊதாவைத் தடுத்துவிட்டால் காதல் நடக்கவில்லை. சிலந்திகள் பார்க்கும் புடவை வேறு, நாம் பார்க்கும் புடவை வேறு.

அடுத்த முறை படம் எடுக்கும்போது சிலந்தியை வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் இறக்குங்கள். மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கத்தில் பத்துக் காசு வையுங்கள், அதன் குறுக்களவு 18.5 மில்லிமீட்டர், உங்கள் டெலமோனியா அதில் பாதியைச் சற்றே தாண்டும். கண்ணாடி டம்ளரால் மூடிப் பிடிப்பது நல்லது, விரலால் வேண்டாம். மகன் ஓரிரவு வைத்துப் பார்க்கட்டும்: நனைத்த பஞ்சு ஒரு துளி, காற்றுத்துளை, நிழல். மறுநாள் அதே செடியில் விட்டுவிடச் சொல்லுங்கள். பூங்காவிலும் இயற்கை வனப்பகுதியிலும் அனுமதியின்றி எந்த உயிரையும் பிடிக்கக் கூடாது, அங்கே கேமரா மட்டும்.

பள்ளிக் காகிதத்தில் இப்படி எழுதலாம்: ‘குடும்பம் சால்டிசிடே. பேரினம் டெலமோனியா, பெரும்பாலும் டிமிடியாட்டா. பெண் ஒன்று, ஆண் ஒன்று. உட்லண்ட்ஸ், இரண்டாம் மாடி, தொட்டிச் செடி’, கூடவே பார்த்த தேதிகள். ஆசிரியர் சிற்றினத்துக்கு முன்னால் ‘பெரும்பாலும்’ ஏன் என்று கேட்டால், மகன் ஒரு நுண்ணோக்கி கேட்கட்டும். மாமனாரையும் ஒருநாள் காலை நடைக்குக் கூட்டிப்போங்கள். வேலிச்செடியில் ஒட்டிக்கிடக்கும் இலைகளை மெதுவாக விலக்கிக் காட்ட அவருக்கு இன்னும் கை மறந்திருக்காது.