முப்பது ரூபாய்க்கு ஓர் இடம்

இந்த வாரம் வந்த கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி 'காசா, நேரமா' என்கிற ஒரே சண்டைதான். சரி, பக்கம் முழுக்க அதற்கே போகட்டும். அரசியலும் சினிமாவும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். சம்பளம் 14,000. ராத்திரி கடை விட்டதும் ஷேர் ஆட்டோ பிடித்தால் 30 ரூபாய், உடனே கிளம்பிவிடலாம். பெண்களுக்கு இலவசமான சாதாரண பஸ்ஸுக்கு நின்றால் 35 நிமிடமாவது ஆகிறது. 'ஓசி பஸ் இருக்கும்போது எதுக்குத் தண்டச் செலவு' என்று வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார். நான் செய்வது ஆடம்பரமா?
– வாசகி, மேடவாக்கம்

முதலில் உங்கள் வீட்டுக்காரர் பாஷையிலேயே பேசிவிடுவோம். மாதம் 26 நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தால், உங்கள் ஒரு மணி நேரத்துக்குக் கடைக்காரர் கொடுப்பது சுமார் 54 ரூபாய். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் 35 நிமிடத்துக்கு அந்தக் கணக்கில் 31 ரூபாய். ஆட்டோவுக்கு 30. ஆக, தினம் ஒரு ரூபாய் லாபம் என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ள மாட்டார், அது வேறு விஷயம். 'மிச்சமான நேரத்துக்கு எவன் காசு கொடுக்கிறான்' என்பார். அதுவும் நியாயம்தான், நேரத்தைக் காசாக்குகிற கணக்கில் இருக்கும் ஓட்டையே அதுதான்.

எனக்கு என்னவோ நீங்கள் 30 ரூபாய் கொடுத்து வாங்குவது நேரத்தை இல்லை, உட்கார ஓர் இடத்தை என்று படுகிறது. ஜவுளிக்கடையில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லி, 'இதே கலர்ல பார்டர் மட்டும் கொஞ்சம் சின்னதா இருக்குமா' என்று கேட்டு, அதையும் எடுத்துப் போட்ட பிறகு 'அப்புறம் வர்றோம்' என்று குடும்பமே எழுந்து போகும். அந்த நாற்பதையும் மடித்துக்கொண்டே நீங்கள் அடுத்த குடும்பத்தைப் பார்த்து 'வாங்கம்மா' என்று சிரிக்க வேண்டும். காலையிலிருந்து நின்றபடியே. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்கிற சட்டத் திருத்தமே தமிழ்நாட்டில் 2021-ல்தான் வந்தது. கேரளம் நமக்கு மூன்று வருடம் முந்திக்கொண்டது. சட்டம் வந்த பிறகு எத்தனை கடையில் ஸ்டூல் இருக்கிறது, இருந்தாலும் சூப்பர்வைசர் பார்க்கும்போது யார் அதில் உட்காருகிறார்கள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். உட்காருவதற்கே சட்டம் போடவேண்டியிருக்கிற வேலையை முடித்துவிட்டு, ராத்திரியில் ஆட்டோ பின்சீட்டில் முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்து முகத்தில் காற்று வாங்குவதற்குப் பெயர் ஆடம்பரம் என்றால், ஆமாம் ஆடம்பரம்தான், நன்றாக அனுபவியுங்கள்.

இலவச பஸ்ஸை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2021 மே மாதம் அது வந்ததிலிருந்து எத்தனையோ வீடுகளில் பெண்கள் கையில் சில நூறு ரூபாய் தங்குகிறது. காலையில் அதிலேயே போங்கள், காலையில் கால் வலிக்காது. தினமும் ஆட்டோ என்றால் மாதம் 780 ரூபாய், உங்கள் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. வாரத்தில் கூட்டம் முண்டுகிற மூன்று நாளைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் 400-க்குள் முடியும்.

அப்புறம் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி. அரை மணி முன்னால் நீங்கள் வந்து சேர்ந்தால் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பது யார்? அதுவும் நீங்கள்தான் என்றால் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுவிடலாம். அங்கே யாரும் சட்னி கேட்க மாட்டார்கள்.

ஓசூரில் கம்பெனி வேலை. வாரத்தில் மூன்று நாள் ஓவர்டைம் பார்க்கிறேன், இரட்டைச் சம்பளம். வீட்டுக்கடன் சீக்கிரம் அடையும். ஆனால் அந்த நாட்களில் நான் கிளம்பும்போதும் நாலு வயது மகள் தூங்குகிறாள், திரும்பும்போதும் தூங்குகிறாள். 'ஓடியாடிச் சம்பாதிக்கிற வயசு இதுதான்' என்கிறார் அப்பா.
– வாசகர், ஓசூர்

ஓவர்டைமுக்கு ஏன் இரட்டைச் சம்பளம் என்று யோசித்ததுண்டா தம்பி? முதலாளியின் தாராள மனசு இல்லை. நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று கோடு கிழித்து, அதைத் தாண்டினால் இரண்டு மடங்கு கொடு என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் எழுதிவைத்தது. முதல் மணி நேரமும் பத்தாவது மணி நேரமும் ஒன்றில்லை என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. பத்தாவதைத் தூக்கத்திலிருந்தோ பிள்ளையிடமிருந்தோ பிடுங்கித்தான் கொடுக்க முடியும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தாரே, நினைவிருக்கிறதா? தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினம் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு வருடம்.

அப்பா சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது. உதாரணத்துக்கு 20 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் தவணை 17,356 ரூபாய். மேற்கொண்டு மாதம் 5,000 கட்டிக்கொண்டே வந்தால் 12 வருடத்துக்குள் கடன் தீர்ந்துவிடும், வட்டியில் 9 லட்சத்துக்கு மேல் மிச்சம். ஆனால் அப்போது உங்கள் மகளுக்குப் பதினாறு வயது ஆகியிருக்கும். நீங்கள் ஆசையாகச் சீக்கிரம் வீட்டுக்கு வருவீர்கள், அவள் டியூஷன் போயிருப்பாள்.

மூன்று நாளை இரண்டாக்குங்கள். கடன் ஒன்றிரண்டு வருடம் கூடுதலாக இழுக்கும், இழுக்கட்டும். இன்னொன்று, உங்கள் கடிதத்தில் இல்லாதது: நீங்கள் ஓவர்டைம் பார்க்கிற நாளில் பிள்ளைக்குச் சோறூட்டித் தூங்கவைக்கிற உங்கள் மனைவியும் ஓவர்டைம்தான் பார்க்கிறார், ஒற்றைச் சம்பளம்கூட இல்லாமல். எந்த நாளைக் குறைப்பது என்று அவரிடம் கேளுங்கள்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். கடையில் இட்லி மாவு வாங்கினால் மாமியார் சோம்பேறி என்கிறார். 'கிரைண்டர் சும்மாதானே கிடக்கு' என்கிறார்.
– வாசகி, கோயம்புத்தூர்

கிரைண்டர் சும்மா கிடக்கலாம், நீங்கள் சும்மா இல்லையே!

உங்கள் ஊரில் 1955-ல் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கினார் என்பார்கள். எங்கள் தெருவுக்கு முதல் கிரைண்டர் வந்தபோது, 'ஆட்டுக்கல்லில் அரைக்காத மாவில் என்ன ருசி இருக்கும், சோம்பேறிகள்' என்று ஒரு பாட்டி சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அதே வசனம்தான், ஆள்தான் மாறுகிறது. 2011-ல் அரசு மிக்ஸியும் கிரைண்டரும் ஃபேனும் கொடுத்தபோது 'ஓசி' என்று நக்கலடித்தவர்களில் ஆட்டுக்கல் முன்னால் ஒரு நாளாவது உட்கார்ந்தவர் எத்தனை பேர்?

2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97. வேடிக்கை என்னவென்றால் அந்த 97-ம் அன்றைக்கு வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரி மட்டும்தான். துரும்பைக்கூட எடுத்துப் போடாதவர்கள் அதில் வரவே இல்லை. கிரைண்டர் தானாகச் சுற்றும், வாஸ்தவம். ஊறவைப்பதும், ஒதுங்குகிற மாவைத் தள்ளிவிடுவதும், கடைசியில் அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவுவதும் தானாக நடக்காது.

ருசி விஷயத்தில் மாமியார் கட்சிதான் நான். கடை மாவு இரண்டாம் நாளே புளித்துவிடுகிறது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அரையுங்கள், மாமியாரை நாற்காலி போட்டு உட்காரவைத்து உளுந்துப் பதம் பார்க்கச் சொல்லுங்கள், கல்லை உங்கள் கணவர் கழுவட்டும்.

மகன் ஏசி வாங்கி மாட்டிக் கொடுத்திருக்கிறான். பென்ஷன் வருகிறது, குறையில்லை. ஆனாலும் போட மனசு வரவில்லை. கஞ்சத்தனமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலூர்

பழக்கதோஷம் ஐயா. 'ஃபேனை அணைச்சுட்டுப் போடா' என்று முப்பது வருடம் வகுப்பில் சொன்ன வாய் இப்போது வீட்டில் சொல்கிறது. மகன் வரும்போது மட்டும் ஏசி ஓடும், அவன் பஸ் ஏறியதும் மேலே துணி போட்டு மூடிவிடுவீர்கள், சரியா?

ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட் எடுக்கும். அக்னி நட்சத்திரம் 25 நாளும் ராத்திரி நாலு மணி நேரம் போட்டால் அதிகபட்சம் 150 யூனிட். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறும் என்கிற பயம் நியாயமானது. பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். 300-க்குள் இருந்தால் தாராளமாக இடம் இருக்கிறது. வேலூர் வெயிலில் தூங்காமல் புரண்டுவிட்டு மறுநாள் முழுக்கச் சிடுசிடுப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பது உங்கள் வீட்டுக்கார அம்மா. கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவருக்குப் புழுங்குகிறதா என்று கேட்டீர்களா?

பணம் இருப்பவனுக்கு நேரம் இல்லை, நேரம் இருப்பவனுக்குப் பணம் இல்லை. சரிதானே?
– வாசகர், திருச்சி

இரண்டும் இல்லாதவர்கள்தான் அதிகம். மேடவாக்கத்துக் கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள்.

எல்லாருக்கும் சொல்கிறீர்கள். உங்கள் ஆடம்பரம் என்ன?
– வாசகி, கும்பகோணம்

கும்பகோணத்திலிருந்து கேட்டால் காபி என்றுதான் சொல்ல முடியும். முதல் டிகாக்‌ஷன் காபி.

எங்கள் வீட்டில் பித்தளை ஃபில்டர். நாலரை மணிக்கு அம்மா எழுந்து பொடி போட்டு வெந்நீர் ஊற்றிவிடுவார். பொடி அடைத்துக்கொண்டு டிகாக்‌ஷன் இறங்காவிட்டால் கரண்டிக் காம்பால் மேல் பாத்திரத்தை டக் டக்கென்று தட்டுவார், எனக்கு அதுதான் அலாரம். முதல் டிகாக்‌ஷன் அப்பாவுக்கும் எனக்கும். திண்ணையில் பேப்பரைப் பங்கு போட்டுக்கொண்டு, டபராவில் ஆற்றி ஆற்றி அரை மணி நேரம் குடிப்போம். அதே பொடியில் மறுபடியும் வெந்நீர் ஊற்றினால் வருகிற இரண்டாம் டிகாக்‌ஷன் அம்மாவுக்கு. அதையும் அவர் உட்கார்ந்து குடித்துப் பார்த்ததில்லை, ஒரு கண் குக்கரில் இருக்கும். இந்தக் காபிச் சுகத்தைப் பற்றி இதே பக்கத்தில் பல வருடம் முன்பு உருகி உருகி எழுதினேன். ஒரு வாசகியிடமிருந்து ஒரே வரியில் கார்டு வந்தது: 'காபி யார் போட்டது?'

அம்மாவுக்கு இப்போது 81. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது நாலரைக்கு நானே எழுந்து, வெந்நீர் வைத்து, பால் காய்ச்சி, முதல் டிகாக்‌ஷனில் கலந்து, அப்பாவின் நாற்காலியில் அவரை உட்காரவைத்துக் கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். 'வெந்நீர் சரியாக் கொதிக்கலைடா' என்றார். இன்னொரு வாய். 'பால்ல தண்ணி விட்டியா?' அப்படியே ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே, டபராவில் ஆற்றி ஆற்றி, அரை மணி நேரம் குடித்தார்.