மைனஸும் மைனஸும் பிளஸ்தானா? கணக்கு டீச்சரிடம் கேளுங்கள்

மிகை எண், குறை எண் கணக்குகளில் குறி குழப்புகிறதா, கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

என் பையன் ஏழாம் வகுப்பு. −3 − 5 = 8 என்று எழுதிவிட்டு, "மைனஸும் மைனஸும் பிளஸ்தானேம்மா" என்கிறான். எப்படிப் புரியவைப்பது டீச்சர்?

விடைத்தாள் திருத்துகிற யாரைக் கேட்டாலும் முதலில் இந்தத் தவறைத்தான் சொல்வார்கள். அந்த வாய்ப்பாடு பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியது. இங்கே பெருக்கலே இல்லையே! மூன்று ரூபாய் கடன் இருக்கிறது, மேலும் ஐந்து ரூபாய் கடன் வாங்குகிறான். மொத்தம் எட்டு ரூபாய் கடன், அதாவது −8. கடன் மேல் கடன் வாங்கினால் கையில் காசு சேருமா என்று அவனையே கேளுங்கள்.

கூட்டும்போது குறி ஒன்றாக இருந்தால், எண்களைக் கூட்டி அதே குறியைப் போட வேண்டும். வேறு வேறாக இருந்தால், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துப் பெரியதன் குறியைப் போட வேண்டும். −9 + 4 = −5. இங்கே 'பெரியது' என்பது குறியை மறைத்துவிட்டுப் பார்க்கும்போது பெரியது. இதைச் சொல்லாமல் விட்டால், "−9-ஐ விட 4 தானே பெரிசு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் கேட்பதும் சரிதான்.

அப்படியானால் 5 − (−3) மட்டும் எப்படி 8 ஆகிறது? இதிலும் பெருக்கல் இல்லையே?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். −3 − 5-ல் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறிதான். இதிலோ 3-க்கு முன்னால் இரண்டு குறிகள் நிற்கின்றன: ஒன்று 'கழி' என்கிறது, இன்னொன்று 'இது குறை எண்' என்கிறது. கழித்தல் என்றாலே, எதைக் கூட்டினால் இது வரும் என்று கேட்பதுதான். −3 உடன் எதைக் கூட்டினால் 5 வரும்? 3 கூட்டினால் பூச்சியம், இன்னும் 5 கூட்டினால் 5. ஆக 8.

மைனஸ் × மைனஸ் = பிளஸ். இதற்கு நிரூபணம் இருக்கிறதா, வெறும் விதியா? (டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன்)

இருக்கிறது தம்பி. தேர்வில் கேட்க மாட்டார்கள், ஆனால் ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது. முதலில் இதைப் பாருங்கள்:

2 × (−4) = −8
1 × (−4) = −4
0 × (−4) = 0
(−1) × (−4) = ?

ஒவ்வொரு வரியிலும் விடை 4 கூடுகிறது. அடுத்து 4 வந்தால்தான் வரிசை கெடாது. இது நம்பவைக்கும், நிரூபிக்காது. நிரூபணத்துக்குப் பங்கீட்டுப் பண்பு வேண்டும், அதாவது கூட்டிவிட்டுப் பெருக்கினாலும், தனித்தனியே பெருக்கிவிட்டுக் கூட்டினாலும் விடை ஒன்றுதான். 4 + (−4) என்பது பூச்சியம். அதை −1 ஆல் பெருக்கினாலும் பூச்சியம்தான். உள்ளே பிரித்துப் பெருக்கினால் (−1) × 4 + (−1) × (−4) = 0. முதல் பாதி −4. அதோடு சேர்ந்து பூச்சியம் ஆக வேண்டுமானால் இரண்டாம் பாதி +4 ஆகத்தான் இருக்க முடியும். வேறு எதை வைத்தாலும் பங்கீட்டுப் பண்பு உடையும்.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தது யார்?

சீனாவின் பழைய கணக்கு முறையில் மிகைக்குச் சிவப்புக் குச்சி, குறைக்குக் கறுப்புக் குச்சி. இன்று நாம் நட்டத்தைச் சிவப்பில் எழுதுவதற்கு நேர் எதிர்! பெருக்கல், வகுத்தல் உட்படக் குறி விதிகளைத் தொகுத்து எழுதியவர் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர், கி.பி. 628-ல். மிகை எண்ணுக்கு 'தனம்', குறை எண்ணுக்கு 'ருணம்', அதாவது கடன். அவ்வளவு தெளிவாக எழுதியவர், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்றும் எழுதிவிட்டார். அது மட்டும் நிற்கவில்லை.

10 − (4 − 7) எனக்கு −1 வருகிறது. விடை 13 என்று போட்டிருக்கிறது.

10 − 4 − 7 என்று எழுதியிருப்பீர்கள். அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் மைனஸ் 4-ஐ மட்டும் தொட்டுவிட்டுப் போகாது, உள்ளே இருக்கிற எல்லாவற்றின் குறியையும் மாற்றும். 10 − 4 + 7 = 13. சந்தேகமாக இருந்தால் உள்ளே முதலில் முடியுங்கள்: 4 − 7 = −3, பிறகு 10 − (−3).

எக்ஸெல்லில் =-3^2 போட்டால் 9. என் சயன்டிஃபிக் கால்குலேட்டரில் −9. எது சரி?

கணக்கு வழக்கப்படி −9. முதலில் 3-ன் வர்க்கம், அப்புறம்தான் மைனஸ். எக்ஸெல் மட்டும் தன் வழக்கப்படி மைனஸை முதலில் ஒட்டிக்கொள்கிறது. அதிலேயே =0-3^2 போட்டுப் பாருங்கள், −9 வரும். வம்பே வேண்டாம் என்றால் அடைப்புக்குறி போட்டுவிடுங்கள்.

இரண்டு பக்கமும் −1 ஆல் பெருக்கினால் < குறி ஏன் திரும்புகிறது?

3 < 5. ஆனால் ஐந்து ரூபாய் கடன்காரரை விட மூன்று ரூபாய் கடன்காரர் நிலைமை தேவலை இல்லையா? −3 > −5.