ரொட்டி டின்: நீள அகலத்தை விடக் கொள்ளளவைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் சாண்ட்விச் ரொட்டி சுடுவதற்கு 3 கப் மைதா கொண்ட செய்முறையைப் பின்பற்றுகிறேன். ஈஸ்ட் நன்றாகவே பொங்குகிறது. ஆனால் 9 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் உள்ள என் டின்னில் ரொட்டி உயராமல் தட்டையாகவே நின்றுவிடுகிறது. வேறு டின் வாங்கலாமா? வாங்கினால் எந்த அளவில் வாங்குவது?

பதில்: ஈஸ்ட்டின் மீதோ நீங்கள் பிசையும் விதத்தின் மீதோ பழி போட வேண்டியதில்லை. கடைகளில் அதிகம் விற்கும் டின்கள் இரண்டு அளவுகளில் வருகின்றன: ஒன்று எட்டரைக்கு நாலரை அங்குலம், மற்றொன்று உங்களிடம் உள்ள ஒன்பதுக்கு ஐந்து. பக்கத்திற்கு அரை அங்குலம்தானே என்று தோன்றினாலும், முதலாவது ஏறத்தாழ 1.4 லிட்டரும் இரண்டாவது ஏறத்தாழ 1.9 லிட்டரும் கொள்ளும்; அதாவது பெரியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் இடம் இருக்கிறது. 3 கப் மைதாவும் நீரும் சேர்ந்து 600 முதல் 650 கிராம் வரை பிசைந்த மாவாகும். சின்ன டின்னில் அது விளிம்பைத் தாண்டிக் குவிந்து எழும். பெரிய டின்னிலோ பக்கவாட்டில் பரவிவிட்டு, மேலே எழுவதற்கு மிச்சமில்லாமல் போகும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவை அப்படியே நம்பாதீர்கள். சில தயாரிப்பாளர்கள் விளிம்பின் வெளிப்புறத்தையும் சிலர் வாயின் உட்புறத்தையும் அளந்து எழுதுகிறார்கள்; பக்கங்கள் சரிந்து இறங்கும் டின்னில் அடிப்பாகம் இன்னும் குறுகலாக இருக்கும். 'ஒரு பவுண்டு டின்' என்ற பெயரும் டின் எவ்வளவு கொள்ளும் என்பதைத் தெளிவாகச் சொல்வதில்லை. டின்னைச் சமையல் தராசில் வைத்து, விளிம்பு வரை நீர் ஊற்றி எடை பாருங்கள். நீரின் எடை எத்தனை கிராமோ, கொள்ளளவு அத்தனை மில்லிலிட்டர். மடிப்புகளின் வழியே நீர் கசிந்தால் மெல்லிய பிளாஸ்டிக் பையை உள்ளே விரித்து ஊற்றலாம். அந்த எண்ணை இரண்டேகாலால் வகுத்தால், மூடியில்லாத டின்னுக்கு ஏற்ற, பிசைந்த மாவின் எடை ஓரளவு சரியாகக் கிடைக்கும். முழுக்கோதுமை மாவு மைதா அளவுக்கு உப்பாது என்பதால் அதற்குச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்குப்படி உங்கள் டின்னுக்கு 800 கிராமுக்கு மேல் பிசைந்த மாவு தேவை. ஆகவே பணம் செலவழிக்கும் முன், செய்முறையிலுள்ள எல்லாப் பொருள்களையும் மூன்றில் ஒரு பங்கு கூட்டி, 4 கப் மைதாவில் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். அவ்வளவு பெரிய ரொட்டி உங்கள் வீட்டில் தீராது என்றால் மட்டும் சின்ன டின் வாங்குங்கள்.

கேள்வி: அலுமினியம், எஃகு, கண்ணாடி, சிலிகான் என்று பலவகை டின்கள் இருக்கின்றன. எது நல்லது?

பதில்: ரொட்டிக்கு என் தேர்வு, கனமான, வெளிர் நிற அலுமினியம் அல்லது அலுமினியப் பூச்சு கொண்ட எஃகு. இவை வெப்பத்தைச் சீராகக் கடத்துவதால் அடியும் பக்கங்களும் மேற்பகுதியோடு சேர்ந்தே சிவக்கின்றன. கருநிற டின் வெப்பத்தை அதிகமாக உறிஞ்சுவதால், உள்ளே வேகும் முன்பே அடிப்பாகம் கருகத் தொடங்கலாம். கையில் இருப்பது அதுதான் என்றால் ஓவனின் வெப்பத்தை 15 டிகிரி செல்சியஸ் போலக் குறைத்தால் போதும். கண்ணாடி மெதுவாகச் சூடேறி, ஏறிய சூட்டை நெடுநேரம் விடாமல் வைத்திருக்கும் என்பதால் அதற்கும் இதே அளவு குறைப்பது வழக்கம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை நேராகச் சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடக்கூடும். சிலிகானை ரொட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மாவின் கனத்தில் அதன் சுவர்கள் வெளியே பிதுங்குகின்றன, பக்கங்களும் சரியாகச் சிவப்பதில்லை.

நான்-ஸ்டிக் பூச்சு வசதிதான். ஆனால் ரொட்டியை டின்னுக்குள் வைத்தே கத்தியால் வெட்டினால் விரைவில் கீறிவிடும். எஃகு டின் வாங்கும்போது விளிம்பைத் தடவிப் பாருங்கள். உறுதிக்காகக் கம்பியை உள்ளே வைத்து விளிம்பைச் சுருட்டியிருப்பார்கள். கழுவிய பிறகு அந்தச் சுருளுக்குள் தங்கும் நீரிலிருந்தே பெரும்பாலும் துரு தொடங்குகிறது. சுட்டு முடித்த ஓவனின் மிச்சச் சூட்டில் டின்னைக் கவிழ்த்து உலர்த்தினால் இதைத் தவிர்க்கலாம்.

கேள்வி: கடை ரொட்டியைப் போல நான்கு பக்கமும் சதுரமாக வர, மூடியுள்ள டின் அவசியமா?

பதில்: சதுரத் துண்டுகள்தான் வேண்டும் என்றால் அவசியம். 'புல்மேன்' என்று விற்கப்படும் இந்த டின்களின் சுவர்கள் ஏறக்குறைய செங்குத்தாகவும் 4 அங்குல உயரமாகவும் இருக்கும். நீளம் பொதுவாக 9 அல்லது 13 அங்குலம். மாவு குவிந்து எழ வழியில்லாததால் இங்கே கொள்ளளவை மூன்றரையால் வகுக்க வேண்டும்: 9 அங்குல டின்னுக்கு சுமார் 650 கிராம், 13 அங்குல டின்னுக்கு சுமார் 970 கிராம் பிசைந்த மாவு. மாவு விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே வந்ததும் மூடியைத் தள்ளி மூடிவிடுங்கள். தாமதித்தால் மூடி மாவை இழுத்துக்கொண்டு போகும். மூடியைத் திறந்து வைத்தும் சுடலாம் என்பதால், ஒரே டின் வாங்குவதானால் 9 அங்குல மூடி டின்னையே வாங்கச் சொல்வேன்.