இங்கிலாந்தில் கடைத்திருட்டுக்குக் கோர்ட்டில் அபராதம் விழுந்தால், அது எத்தனை வருஷம் ரெக்கார்டில் இருக்கும்?

உங்கள் தங்கை அங்கே நர்சிங் படிக்கிறார், கடையில் பொருள் எடுத்ததற்கு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் அபராதம் போட்டுவிட்டார்கள், இனி வேலையே கிடைக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், வழி இருக்கிறது. நான் லண்டனில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். விண்ணப்பிப்பவர்கள் கொண்டுவரும் டிபிஎஸ் சான்றிதழ்களை, அதாவது ஒருவர் மீதுள்ள குற்றப் பதிவுகளைக் காட்டும் அரசுச் சான்றிதழ்களை, பார்ப்பதே என் வேலை. நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸுக்கு மட்டும்.

போலீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பதிவு அவருக்கு 100 வயதாகும்வரை இருக்கும். இதைக் கேட்டுப் பதற வேண்டாம். யாருக்கு அது தெரியவரும், யாரிடம் நாமே சொல்லியாக வேண்டும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கடை, கிடங்கு, சாதாரண ஆபீஸ் வேலை என்றால் 1974ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம் கைகொடுக்கும். அபராதத்துக்கு, தீர்ப்பு வந்த நாளிலிருந்து 12 மாதம். தீர்ப்பின்போது 18 வயது ஆகவில்லை என்றால் 6 மாதம். தொகை எவ்வளவு என்பது பொருட்டே இல்லை. அந்தக் காலம் முடிந்தபின் இந்த வேலைகளுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வேலைகளுக்குக் கேட்கும் அடிப்படைச் சான்றிதழான பேசிக் டிபிஎஸ்ஸிலும் வராது.

நர்ஸ் வேலைக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே என்ஹான்ஸ்டு டிபிஎஸ் என்ற விரிவான சான்றிதழ் கேட்பார்கள். சிறைத்தண்டனை இல்லாத திருட்டு வழக்கு, தீர்ப்பிலிருந்து 11 வருஷம் அதில் தெரியும். 18 வயதுக்குள் என்றால் ஐந்தரை வருஷம். நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யும்போதும் சொல்ல வேண்டும். ஆனால் சான்றிதழில் தெரிந்தாலே வேலை போய்விட்டது என்று அர்த்தமில்லை. படிக்கிற வயதில் நடந்த ஒரே ஒரு சம்பவம், அதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றால் நான் கூப்பிட்டுப் பேசுவேன். மறைத்துவிட்டுச் சான்றிதழில் வந்து நின்றால்தான் வேலைக்கு எடுக்கவே தயக்கம் வரும்.

எனக்கு உண்மையான கவலை விசாதான். நம் பிள்ளைகள் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். '12 மாதம் ஆகிவிட்டது, இனி சொல்ல வேண்டாம்' என்று யாரோ நண்பர் சொன்னதை நம்பி விசா படிவத்தில் 'இல்லை' என்று போட்டுவிடுகிறார்கள். குடிவரவு விண்ணப்பங்களுக்கு அந்த 1974ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. எத்தனை வருஷம் ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். ஒரு சின்ன அபராதத்தைச் சொல்லியும் விசா வாங்க முடியும்; பொய் சொன்னது தெரிந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகும், 10 வருஷம் வரை திரும்ப வர முடியாமலும் போகலாம். தயவுசெய்து அவரிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், நிஜமாகவே அது தீர்ப்புதானா என்று பாருங்கள். கடைக்காரர் சார்பில் பணம் கேட்டு வரும் கடிதம், போலீஸ் கொடுக்கும் அபராதச் சீட்டு, ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போலீஸ் கொடுக்கும் எச்சரிக்கையான காஷன் எல்லாவற்றையும் வீட்டில் 'ஃபைன்' என்றே சொல்லிவிடுவார்கள். இவை எதுவும் கோர்ட் தீர்ப்பு இல்லை. காஷன் மட்டும் என்ஹான்ஸ்டு டிபிஎஸ்ஸில் 6 வருஷம் தெரியும். சந்தேகம் இருந்தால் போலீஸின் குற்றப் பதிவு அலுவலகமான ஆக்ரோவுக்கு விண்ணப்பித்துத் தன் போலீஸ் பதிவின் நகலை அவர் இலவசமாகவே வாங்கலாம். அது கைக்கு வந்தபின், குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு விசா படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள்.